புதினா டப்பா

நான்காவது சட்டையையும் உதறிப் பார்த்தாயிற்று. ஒட்டிலியா அதைக் கட்டிலில் விட்டெறிந்துவிட்டு மறுபடி அலமாரிக்குள் தலையை நுழைத்தாள். கோடு போட்டது, கட்டம் போட்டது, கொய்யாப் பாகு தெறித்துக் காய்ந்து விறைத்துப்போனது என்று கணவர் எலிசேயோவின் சட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொன்றின் பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டிலில் போட்டாள். கட்டிலில் ஆள் உட்கார இடமில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அந்தச் சட்டைகளுக்குச் சொந்தக்காரர் கறுப்புக் கோட்டோடு பெட்டிக்குள் கிடந்தார். நேற்றுக் காலை தன்னுடைய தொழிற்சாலையில், மகள் வைத்த கேமராவுக்கு முன்னால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டவர். மூன்று மணிக்குப் பூசை, அப்புறம் கல்லறை. வாழையிலையில் பொதிந்த தமால் வேகிற வாசனையும் சோம்புச் சாராயமும் மெழுகுவர்த்திப் புகையும் வீட்டில் கலந்து கிடந்தன. வேலெஸ் ஊரில் பாதிப் பேர் அந்த வீட்டுக்குள் இருந்தார்கள். மீதிப் பேர் வாசலில்.

"அம்மா, என்ன தேடறீங்க? எல்லாரும் உங்களைத்தான் கேக்குறாங்க" என்றாள் யொலிமா, அறை வாசலில் நின்று.

"டப்பாவை."

"என்ன டப்பா?"

"மாத்திரை டப்பாடி. வேற என்ன?"

"எந்த மாத்திரை?"

ஒட்டிலியா திரும்பினாள். கையில் பாக்கெட் வெளியே தொங்குகிற சட்டை. மகளுக்கு இது தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நெஞ்சு மாத்திரை. வலி வந்தா நாக்குக்கு அடியில வெச்சுக்கணும். ஒன்றரை வருஷமா வெச்சிருந்தார். உன்கிட்டயும் ஹாய்ரோகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். நீ பட்டணத்துக்கு, புக்கராமாங்காவுக்கு இழுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிடுவியாம். உன் தம்பி தொழிற்சாலைச் சாவியைப் பிடுங்கிக்குவானாம்."

அப்பாவுக்கு நெஞ்சு வலியா? மலைச்சரிவில் கொய்யா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிற மனுஷனுக்கா? 

"நேத்து டாக்டர் கேட்டாரே, பாக்கெட்டுல மாத்திரை இல்லையான்னு. நீ அப்போ வெளியில நின்னுட்டிருந்தே. ஒண்ணு வாயில போட்டிருந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கியிருப்பாரோ என்னமோன்னு சொன்னார். சொல்லிட்டுப் போயிட்டார் அவர்." ஒட்டிலியா சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "தினம் காலையில நான்தான் பழைய சட்டையிலிருந்து எடுத்துப் புதுச் சட்டையில போடுவேன். நேத்து அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன், படத்துல பளிச்சுன்னு தெரியட்டும்னு. டப்பாவைப் போட்டேனா இல்லையா, ஞாபகமே வரலடி. ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். போடலபோல. போட்டிருந்தா அவர் பாக்கெட்டுல இருந்திருக்கணுமே? ஆஸ்பத்திரியில அந்தச் சட்டையை வெட்டிக் கொடுத்தாங்க, பாக்கெட் காலி."

"அந்த டப்பா... எப்படி இருக்கும்மா?"

"பச்சை டப்பா. புதினா மிட்டாய் வருமே, அது. உங்க ரெண்டு பேருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு நான்தான் அதுல போட்டுக் கொடுத்தேன்."

யொலிமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஏதோ கேட்டாள், அது காதில் விழவில்லை. "தோ வரேம்மா" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்க்காமல், தெருவில் நின்ற வேனுக்குப் போனாள்.

யொலிமா அரீசா ஐந்து நிமிடப் படங்கள் எடுக்கிறவள். 'நம்மூர்ச் சரக்கு' என்று பெயர். வணிகர் சங்கம் செலவு செய்ய, வட்டாரத் தொலைக்காட்சியில் ஞாயிறு மத்தியானம் செய்திக்கும் சீரியலுக்கும் நடுவே வரும். செருப்புப் பட்டறை, செங்கல் சூளை, லாரிக்குக் கூடு கட்டுகிறவன், கோழிப்பண்ணை, புகையிலை சுருட்டுகிற பெண்கள் என்று சந்தாந்தேர் மாநிலத்தில் என்ன தொழில் உண்டோ அதற்கெல்லாம் ஐந்து நிமிடம். ஃபாபியான் கேமரா. கேள்வி கேட்பதும் சத்தம் பதிவு பண்ணுவதும் யொலிமா. ஆள் இரண்டே பேர்தான்.

இத்தனை பேரை எடுத்தவள் சொந்த அப்பனை எடுக்கவில்லை. எலிசேயோவுக்கு அது பெரிய மனக்குறை. வேலெஸில் கொய்யாக்கட்டி செய்கிற தொழிற்சாலைகள் தெருவுக்குத் தெரு இருந்தாலும், தன் கட்டியைப்போல் நடுவில் சிவப்பும் ஓரத்தில் வெளுப்புமாக எவனால் வார்க்க முடியும் என்பது அவர் கேள்வி. காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு ஊரைக் கூட்டிப் புலம்புவார். "எறும்பு வறுத்து விக்கிறவகூட டிவியில வந்துட்டாய்யா! எறும்பு! பின்பக்கம் பெருத்த எறும்பு! அவளுக்கு அஞ்சு நிமிஷம். பெத்த அப்பனுக்கு அரை நிமிஷம் கிடையாது."

யொலிமா தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் பேசுவார். பேசிக்கொண்டே இருப்பார். பூசை நடுவே பாதிரியாருக்குப் பதில் சொல்கிற ஆள். தூக்கத்திலும் சர்க்கரை வியாபாரியோடு சண்டை போடுவார் என்று ஒட்டிலியா சொல்வாள். அந்த வாயை ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவது யாரால் ஆகும்?

கடைசியில் நேற்று எடுத்தாள்.

நீலச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். கொப்பரைகளில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பெண்கள் மேஜையில் வரிசையாக நின்று, வெட்டிய கட்டிகளைக் காய்ந்த இலையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யொலிமா அப்பாவின் சட்டை விளிம்பில் காலர் மைக்கைக் குத்தினாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் நடங்கப்பா" என்றாள். நடந்தார். காதுக்குள் கலகலவென்று இரைச்சல்.

"பாக்கெட்டெல்லாம் காலி பண்ணுங்க. சாவி, சில்லறை, ஃபோன், எல்லாம் வெளிய எடுங்க."

இது அவள் எல்லாரிடமும் சொல்வது. எறும்பு வறுக்கிறவளிடமும் சொல்லியிருக்கிறாள். எலிசேயோ கால்சட்டையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். சில்லறையைக் கொடுத்தார். மறுபடி நடந்தார். இன்னும் ஏதோ கலகலத்தது.

"மேல் பாக்கெட்டுல என்ன?"

அவர் கை பாக்கெட்டின்மேல் போய் நின்றது. "இது இருக்கட்டுமே."

"சத்தம் வருதுப்பா. நீங்க மூச்சு விட்டாலே மைக்குல கேக்குது. எடுங்க."

ஒரு பச்சை டப்பாவை எடுத்தார். உடனே கொடுக்கவில்லை. அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மேஜையில் நின்ற பெண்களைப் பார்த்தார்.

"என்னதுப்பா அது?"

"புதினா மிட்டாய். நீ தின்னுடாதே, காரம் ஜாஸ்தி, உனக்கு ஆகாது. பத்திரமா வெச்சிரு."

அவள் வாங்கி, சாவியோடும் சில்லறையோடும் தன் பையின் பக்கவாட்டு அறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினார். கொய்யா, மழை, மேயர், மாமனார், சர்க்கரைக்காரனின் துரோகம், ஒட்டிலியாவின் பெயரைத் தொழிற்சாலைக்கு வைத்த கதை. ஃபாபியான் கேமராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். யொலிமாவுக்கும் சிரிப்புத்தான். அப்பா இவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று அவள் நினைக்கவில்லை. ஏன் இத்தனை நாள் எடுக்காமல் விட்டோம் என்று மனசுக்குள் வெட்கப்பட்டாள்.

எல்லாம் முடிந்தபிறகு ஒரு வேலை பாக்கி. இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழுகிற ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைப்பார்கள். அதற்காக யாரும் பேசக்கூடாது, நகரக்கூடாது, பேசினவர் அதே நாற்காலியில் அப்படியே இருக்க வேண்டும். கொப்பரை அடுப்புகளை அணைத்தார்கள். பெண்கள் கையில் இலையோடு நின்றார்கள். யொலிமா கையை உயர்த்தினாள்.

"முடிஞ்சுதா?" என்றார் எலிசேயோ.

"அப்பா!"

மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை அவர் மேஜையில் நின்ற பெலீசாவைப் பார்த்து, "இவ கல்யாணத்துலகூட இப்படி அமைதியா நின்னதில்ல" என்றார். கொல்லென்று சிரிப்பு. ஃபாபியான் மணியைப் பார்த்தான். அவன் சாயங்காலத்துக்குள் புக்கராமாங்கா போயாக வேண்டும். யொலிமாவுக்கு எரிச்சல் வந்தது.

"அப்பா, உங்க ஆயுசுல ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு அசையாம உக்காருங்க. எனக்காக."

"உனக்காகன்னா சரி" என்றார்.

இவ்வளவுதான் அவர் கடைசியாகப் பேசியது.

மூன்றாவது தடவை சத்தம் சுத்தமாக வந்தது. தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்கிற சத்தம், எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம். பிறகு ஹெட்ஃபோனுக்குள் சரக் சரக்கென்று துணி உரசியது. நிமிர்ந்து பார்த்தாள். எலிசேயோவின் வலது கை சட்டைப் பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்தது. மைக்கை நோண்டுகிறாரே என்று நினைத்து, அவள் ஆட்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினாள். முறைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். கை இறங்கி முழங்காலுக்கு வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கை மேலே கிளம்பியது, பாதி வழியில் நின்றது. அவள் தலையை ஆட்டினாள், கூடாது என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். காதுக்குள் ஒரு நீளமான மூச்சு கேட்டது. அதற்குப் பிறகு கூரைச் சத்தமும் குழாய்ச் சத்தமும்தான். இவ்வளவு சுத்தமான ஒரு நிமிடம் அவளுக்கு எந்தத் தொழிற்சாலையிலும் கிடைத்ததில்லை.

"போதும்! ரொம்ப நன்றி!"

பெண்கள் கை தட்டினார்கள். "முதலாளி ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டார்! மாதாவே, எழுதி வைங்க!" என்று பெலீசா கூவினாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். யொலிமாவும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார்.

வேனுக்குள் ஃபாபியான் உட்கார்ந்திருந்தான். அவன் புக்கராமாங்காவுக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளும் வரவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். யொலிமா பின்கதவைத் திறந்து பையை இழுத்து ஜிப்பைத் திறந்தாள். சாவிக்கொத்து. சில்லறை. பச்சை டப்பா.

மூடியை நகத்தால் நெம்பினாள். உள்ளே சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். புதினா வாசனைகூட இன்னும் லேசாக இருந்தது. வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னது?" என்று ஃபாபியான் இறங்கி வந்தான். பார்த்தான். அவனுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஐயோ... நெஞ்சு மாத்திரையா?"

"எங்க யாருக்கும் தெரியாது. ஹாய்ரோவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. நான்தான் எடுக்கச் சொன்னேன் ஃபாபியான். இது இருக்கட்டுமேன்னு கேட்டார். நான் விடல."

ஃபாபியான் கழுத்தைத் தடவினான். "நேத்து சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன்" என்றான் பிறகு. "கை ரெண்டு தடவை பாக்கெட்டுக்குப் போகுது. நான் லென்ஸ்ல கண்ணை வெச்சிருந்தேன். அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்துல பார்த்துட்டிருந்தேன் யொலிமா. ஃபோகஸ் சரியா இருக்கான்னுதான் பார்த்தேன். மனுஷனைப் பார்க்கல."

கூடத்திலிருந்து செபம் ஓங்கித் தாழ்ந்து வந்தது.

"அம்மா, தான் டப்பாவைப் போட மறந்துட்டதா நினைச்சுட்டிருக்காங்க" என்றாள் யொலிமா. "சட்டை சட்டையா உதறிட்டிருக்காங்க."

ஃபாபியான் குரலைத் தாழ்த்தினான். "தொழிற்சாலையில கீழ கிடந்ததுன்னு சொல்லிக் கொடுங்க. அவர் விழுந்தப்போ பாக்கெட்டிலிருந்து விழுந்து உருண்டு நாற்காலிக்கு அடியில போயிடுச்சுன்னு. அம்மா மறக்கலன்னு ஆகிடும். உங்க தலையிலயும் விழாது. யாருக்கும் நஷ்டமில்ல. அந்தக் கடைசி ஒரு நிமிஷத்தை நான் அழிச்சிடறேன்."

நல்ல பொய். எந்த ஓட்டையும் இல்லாத பொய். யொலிமாவுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று, பிடித்துப்போனதை நினைத்து உடனே அருவருப்பும் வந்தது. ஆனாலும் வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கீழ கிடந்ததும்மா. நாற்காலிக்கு அடியில. கீழ கிடந்ததும்மா.

வாசலில் ஹாய்ரோ வந்தவர்களின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தான். அழுது சிவந்த கண். ஆனாலும் குரலில் ஒரு பெருமை. "ஒரு வார்த்தை பேசல, ஒரு முனகல் இல்ல. அவ்வளவு சாந்தமா போனார். அப்பாவா அதுன்னு நம்பவே முடியல." கேட்டவர்களும், "அந்த வாய்க்கு இப்படி ஒரு சாவா! கொடுத்து வெச்சவர்" என்று வியந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். "நீ கூட இருந்தியே, அதுவே போதும் அவருக்கு" என்றான். யொலிமா அவன் கையை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே போனாள்.

கூடத்தில் செபம் நின்றிருந்தது. ஒட்டிலியா பெட்டியின் தலைமாட்டில் நின்றாள், கையில் அந்தப் பழைய சட்டை. எதிரே பெலார்மினா, எலிசேயோவின் தங்கை. அண்ணனுக்குச் சற்றும் குறையாத வாய்.

"எனக்குத் தெரியும் அந்த டப்பாவைப் பத்தி. அண்ணன் என்கிட்ட எதையும் மறைச்சதில்ல" என்றாள் பெலார்மினா. "தினம் காலையில ஒட்டிலியா எடுத்து வெப்பா, எனக்குக் கவலையில்லன்னு சொல்வார். அவ்வளவு நம்பினார் உங்களை."

"ஆமா பெலார்மினா."

"என்ன ஆமா? சினிமாக்காரனுக்கு உடுத்தற மாதிரி உடுத்தி அனுப்பினீங்களே அண்ணி, உசிரு மாத்திரையை வெச்சு அனுப்பணும்னு தோணலையா? சட்டைக் காலரைத் தேய்க்க நேரம் இருந்துது. ஒரு டப்பாவை எடுத்துப் போட நேரம் இல்ல."

"பெலார்மினா, பெட்டி முன்னால வேண்டாம்" என்றார் யாரோ ஒருவர்.

"ஏன் வேண்டாம்? அவர் கேக்கட்டும்! உசிரோட இருந்தா அவரே கேட்டிருப்பார்!"

ஒட்டிலியா எதிர்த்துப் பேசவில்லை. நாற்பது வருஷமாக இந்த நாத்தனாருக்கு ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தவள். "நான்தான் மறந்துட்டேன்" என்றாள். சட்டையின் காலி பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள், எல்லாருக்கும் தெரியட்டும் என்பதுபோல. "நான்தான். புத்தி எங்க போச்சோ தெரியல. இனி என் ஆயுசு முழுக்க இதுதான் எனக்கு."

யொலிமாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் டப்பாவை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

ஒட்டிலியா குனிந்து பார்த்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். அவள் முகத்தில் இரத்தம் ஏறுவது தெரிந்தது.

"எங்க இருந்துது?"

கீழ கிடந்ததும்மா. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஹாய்ரோ வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். பெலார்மினா அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்தாள். பெட்டிக்குள் அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், நேற்று மூடிக்கொண்ட அதே மாதிரி.

"என் பையில" என்றாள் யொலிமா.

"நீங்க மறக்கலம்மா. பாக்கெட்டுலதான் வெச்சிருந்தீங்க. மைக்குல கலகலன்னு சத்தம் வந்துது. நான்தான் எடுக்கச் சொன்னேன். இது இருக்கட்டுமேன்னார். கூடாதுன்னேன்."

"என்னன்னு நீ கேக்கலையா?"

"கேட்டேன். புதினா மிட்டாய்னு சொன்னார்."

ஒட்டிலியாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. "மிட்டாய்னு சொன்னாரா? பாவி மனுஷா! மிட்டாய்னா சொன்னே?" என்று பெட்டிக்குள் பார்த்துக் கேட்டாள். நாற்பது வருஷத்தில் அவரை அவள் ஒருமையில் கூப்பிட்டதை யாரும் கேட்டதில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள்.

பெலார்மினா இப்போது அண்ணன் மகள் பக்கம் திரும்பினாள். "அடிப் பாவி! பெத்த அப்பனை..."

"வாயை மூடு பெலார்மினா" என்றாள் ஒட்டிலியா, திரும்பாமல். அது பழைய ஒட்டிலியாவின் குரல். பெலார்மினா மூடிக்கொண்டாள்.

யொலிமா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதில் பாதிதான் சொல்லியிருந்தாள். மீதிப் பாதி அவள் ஆட்காட்டி விரலில் இருந்தது.

"அம்மா, அப்புறம் அவர் கை..."

ஒட்டிலியா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "கை பாக்கெட்டுக்குப் போச்சா?"

"போச்சு."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். மைக்கை நோண்டறார்னு நினைச்சேன். வேண்டாம்னு விரலை ஆட்டினேன். கையை எடுத்துட்டார்."

அவ்வளவையும் சொல்லிவிட்டாள். சொன்னபிறகு நெஞ்சு லேசாகும் என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை. அம்மா தன்னை அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒட்டிலியா அடிக்கவில்லை, அணைக்கவும் இல்லை. டப்பாவைக் காதருகே கொண்டுபோய் ஒரு தடவை குலுக்கினாள். கலகலவென்றது. தினம் காலையில், எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்க்க அவள் அப்படித்தான் குலுக்குவாள்போலும்.

பிறகு பெட்டிக்குள் குனிந்து, கறுப்புக் கோட்டை விலக்கி, உள்ளேயிருந்த வெள்ளைச் சட்டையின் பாக்கெட்டில் டப்பாவைப் போட்டாள். பாக்கெட்டின் பொத்தானை மாட்டினாள். இரண்டு மூன்று தடவை நழுவி, அப்புறம்தான் மாட்டியது. கோட்டைச் சரிசெய்து, கழுத்துப் பட்டியை நேராக்கிவிட்டு, "மூடலாம்" என்றாள்.

மூடினார்கள்.

வீட்டிலிருந்து கோயிலுக்கு இறக்கம். உருண்டைக் கல் பதித்த தெரு, ஆறு பேர் சுமந்தாலும் நிதானமாகத்தான் இறங்க முடியும். முன்னால் ஹாய்ரோவும் தொழிற்சாலை ஆட்களும் தோள் கொடுத்தார்கள். ஃபாபியான் வேனிலிருந்து இறங்கி வந்து, யாரும் கூப்பிடாமலே பின்னால் ஒரு மூலையைத் தாங்கிக்கொண்டான். பெலீசாவும் மற்றப் பெண்களும் வேலைக்கு வருகிற அதே வெள்ளைக் குல்லாயோடு நடந்தார்கள். ஒட்டிலியா பெட்டியை ஒட்டி நடந்தாள். யொலிமா அவளுக்கு ஒரு அடி பின்னால், அம்மாவைத் தொடத் தைரியமில்லாமல் நடந்தாள்.

கோயில் மணி அடித்து நின்றது. காலடிச் சத்தம் மட்டும்தான் பாக்கி. அப்போது அது யொலிமாவுக்குக் கேட்டது. முதலில் தன் பிரமை என்று நினைத்தாள். கலகல. ஒவ்வொரு காலடிக்கும் ஒரு தடவை. மரத்துக்குள்ளிருந்து, மெல்லியதாக, ஆனால் தெளிவாக. பள்ளத்தில் கால் வைத்தபோது கொஞ்சம் பலமாக. கலகல.

ஹாய்ரோவுக்கும் கேட்டுவிட்டது. அவன் நின்றான், மற்றவர்களும் நின்றார்கள்.

"அம்மா, உள்ள என்னமோ ஆடுது. சத்தம் வருது. இறக்கி வெச்சுச் சரி பண்ணட்டுமா?"

ஒட்டிலியா கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கையைப் பின்னால் நீட்டி, பார்க்காமலே, யொலிமாவின் முழங்கையைப் பிடித்து முன்னால், பெட்டியின் பக்கத்துக்கு இழுத்தாள்.

"வேண்டாம். வரட்டும், விடு" என்றாள்.

அவர்கள் தோள் மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கத் தொடங்கினார்கள். யொலிமா கேட்டுக்கொண்டே நடந்தாள்.